இறந்தவரின் பெயரில் மோசடி நடக்காமல் தடுப்பது எப்படி: எதை முதலில் மூடுவது, எதைக் கடைசிவரை வைத்திருப்பது

ஒருவர் இறந்த செய்தி உறவினர்களுக்குச் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். அவருடைய வங்கிக்கும் வரித்துறைக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் யாராவது போய்ச் சொன்னால்தான் தெரியும். அதுவரை அந்தப் பதிவேடுகளில் அவர் உயிரோடுதான் இருக்கிறார். அவர் பெயரில் கடன் கேட்கலாம், வரி ரீஃபண்ட் கோரலாம், புது சிம் வாங்கலாம், ஓய்வூதியத்தை மாதாமாதம் எடுத்துக்கொண்டே இருக்கலாம். உயிரோடு இருப்பவரின் கணக்கில் கைவைத்தால் ஓரிரு நாளில் அவரே கண்டுபிடித்துவிடுவார். இறந்தவருக்கு வரும் ஸ்டேட்மென்ட்டைப் பல வீடுகளில் யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது இந்த இடைவெளியைத்தான்.

அந்த இடைவெளியைச் சுருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. எந்த வரிசையில் மூடுவது என்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குகின்றன. மாத வாடகை வீண் என்று முதலில் செல்போன் எண்ணைத் துண்டித்துவிடுகிறார்கள். வங்கி எச்சரிக்கைகள், பாஸ்வேர்டு மாற்றக் கோரிக்கைகள், ஓடிபிகள் எல்லாம் வந்து சேரும் எண் அது. அது போனபின் எந்தக் கணக்கில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வழியே இருக்காது. கொஞ்ச காலத்தில் அதே எண் வேறொருவர் கைக்கும் போய்விடும். ஆகவே செல்போனும் மின்னஞ்சலும் கடைசி. வங்கியும் அட்டைகளும் முதலில். நடுவில் மற்றவை.

முதல் சில நாட்கள்: தகவல் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது

மறைவுச் செய்தியை எழுதுபவர் ஒருவரேனும் இதை நினைவில் வைக்க வேண்டும். முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், படித்த பள்ளி, வீட்டு முகவரி ஆகிய எல்லாம் ஒரே அறிவிப்பில் வந்துவிட்டால், வங்கியின் பாதுகாப்புக் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கும். வயதைப் போடுங்கள், பிறந்த தேதியைப் போடாதீர்கள். ஊர் போதும், கதவு எண் வேண்டாம். சடங்கு நடக்கும் நேரத்தை எல்லோருக்கும் அறிவிப்பதால் அந்த நேரத்தில் வீடு காலியாக இருக்கும் என்பதும் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. யாராவது ஒருவர் வீட்டில் இருக்கட்டும், அல்லது பர்ஸ், பாஸ்புக், காசோலைப் புத்தகம், அடையாள அட்டைகள், போன், மடிக்கணினி ஆகியவற்றை அதற்கு முன்பே பூட்டிய இடத்தில் வைத்துவிடுங்கள்.

சொல்ல வருத்தமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டியது: இந்த மோசடியில் கைவைப்பவர் வெளியாளாகத்தான் இருப்பார் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து போகிறவர், கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டவர், பணமுடையில் இருக்கும் உறவினர் ஆகியோருக்கும் ஏடிஎம் பின் (PIN) எண் தெரிந்திருக்கும், அட்டை எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். யாரையும் சந்தேகித்துப் பேச வேண்டியதில்லை. ஆவணங்கள் ஒரே இடத்தில், ஒரே பொறுப்பாளரிடம் இருந்தால் போதும்.

இறப்புச் சான்றிதழைப் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. சில இடங்களில் அந்தச் சான்றிதழிலேயே அரசு அடையாள எண்ணும் பிறந்த தேதியும் முகவரியும் அச்சாகியிருக்கும். தேவைப்படுபவருக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் வேண்டாம்.

சான்றிதழ்களும் ஒரு நோட்டும்

அத்தாட்சி பெற்ற இறப்புச் சான்றிதழ்கள் 10 வாங்கி வைப்பது நல்லது. சில இடங்கள் அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும், சில இடங்கள் வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மட்டும் வாங்கினால் ஒன்று திரும்பி வரும்வரை அடுத்த அலுவலகத்துக்குப் போக முடியாது. அந்தக் காத்திருப்புதான் இடைவெளியை மாதக்கணக்கில் நீட்டுகிறது. மரணக் காரணம் இல்லாத சுருக்கச் சான்றிதழ் கிடைக்கும் இடங்களில் அதையும் சில பிரதிகள் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் தவிர மற்றவற்றில் பலவற்றுக்கு அதுவே போதும்.

நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே, எழுத்துகளின் மேலேயே படும்படி, எந்த அலுவலகத்துக்கு, எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று பேனாவால் எழுதிவிடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி நகலெடுக்க முடியும். அடையாள அட்டை நகல்களுக்கும் இதே முறை.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு, எப்போது, எந்த வழியில் தெரிவித்தது, பேசியவர் பெயர், புகார் அல்லது கோரிக்கை எண், என்ன பதில் வந்தது, எப்போது முடிந்தது. பிறகு எப்போதாவது ஒரு கடன் நிறுவனத்துடன் வாதாட வேண்டி வந்தால் இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது

குடும்பத்துக்குத் தெரியாத கணக்குதான் ஆபத்தான கணக்கு. எப்போதோ திறந்து மறந்துபோன சேமிப்புக் கணக்கு, ஒரு கடையில் வாங்கிய தவணை அட்டை, யாருக்கோ கையெழுத்துப் போட்ட ஜாமீன் என்று எத்தனையோ இருக்கும். தேட வேண்டிய இடங்கள்:

- கடைசி 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட். மூன்று மாதம் போதாது. காப்பீட்டு பிரீமியமும் லாக்கர் வாடகையும் வருடத்துக்கு ஒரு முறைதான் கண்ணில் படும்.
- போனின் குறுஞ்செய்திப் பெட்டி. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பிய பழைய செய்திகளே ஒரு பட்டியல்.
- பர்ஸ், டைரி, அலமாரிக் கோப்பு, கைப்பை. பின் எண் எழுதிய துண்டுக் காகிதம் கிடைத்தால் உடனே தனியே எடுத்துவிடுங்கள்.
- வரிக் கணக்கு. வட்டி வருமானம் காட்டியிருந்தால் அந்த வைப்புத்தொகை எங்கோ இருக்கிறது.
- தபாலில் வருபவை. ஒரு வருடம்வரை ஒன்றையும் பிரிக்காமல் எறிய வேண்டாம்.

ஒருவர் பெயரிலுள்ள கடன்களையும் அட்டைகளையும் பட்டியலிடும் கடன் அறிக்கை இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. அதைப் பற்றிக் கீழே பார்ப்போம்.

வங்கியும் அட்டைகளும்

முதல் வாரத்திலேயே தெரிவியுங்கள். தொலைபேசியில் சொன்னால் அட்டைகளையும் இணைய வங்கிச் சேவையையும் அப்போதே முடக்கச் சொல்லலாம். பிறகு சான்றிதழோடு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிளையில் தெரிந்தவரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது தெரிவித்ததாகாது. அவர் மாற்றலாகிப் போனால் பதிவு எதுவும் இருக்காது.

கணக்கு முடங்குவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக் காப்பீடு, மின்சாரம், வீட்டுக் கடன் தவணை, போன் கட்டணம் ஆகியவை அதே கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுகின்றனவா? முடங்கிய மறுமாதம் காப்பீடு காலாவதியாகும், போன் எண் தானாகவே துண்டிக்கப்படும். அவற்றை வேறொருவரின் கணக்குக்கு மாற்றுங்கள். அதற்காக வங்கிக்குத் தெரிவிப்பதை வாரக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

கடன் அட்டைக்கு இணை அட்டை வைத்திருக்கும் மனைவியோ மகனோ அதைத் தொடர்ந்து தேய்க்கக் கூடாது. முதன்மை அட்டைதாரர் இறந்ததும் அந்த உரிமை முடிந்துவிடுகிறது. பவர் ஆஃப் அட்டர்னியும் அப்படித்தான், கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். கூட்டுக் கணக்கு வேறு: உயிரோடிருப்பவர் இயக்கும் வகையில் திறக்கப்பட்டிருந்தால் தொடரலாம். ஆனால் இறந்தவரின் பெயரை நீக்கி, அவர் பெயரிலிருந்த அட்டையையும் காசோலைகளையும் ஒப்படைக்க வேண்டும்.

பலர் தயக்கமில்லாமல் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது: இறந்தவரின் ஏடிஎம் அட்டையிலோ போனுக்கு வரும் ஓடிபியிலோ பணத்தை எடுத்துவிடுவது. நாமினியாகவே இருந்தாலும் இது தவறு. மற்ற வாரிசுகள் புகார் கொடுத்தால் மோசடி வழக்காகவே மாறலாம். போனை உயிரோடு வைத்திருக்கச் சொல்வது எச்சரிக்கைகளைப் பார்க்க மட்டுமே, பணத்தை நகர்த்த அல்ல. ஓய்வூதியத்துக்கும் இதே கண்டிப்பு பொருந்தும். உதாரணமாக, அமெரிக்காவில் இறந்த மாதத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) தொகை கிடைக்காது. அது கணக்குக்கு வந்திருந்தால் திருப்பித் தர வேண்டும்.

கடன் தகவல் நிறுவனங்கள்: புதுக் கடனுக்குப் பூட்டு

இருக்கும் கணக்குகளை மூடினால் மட்டும் போதாது. இறந்தவர் பெயரில் புதுக் கடன் வாங்குவதைத் தடுப்பது அவருடைய கடன் அறிக்கையில் "இறந்தவர்" என்ற குறி விழுவதுதான். கடன் கொடுப்பவர் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும்போது அந்தக் குறி குறுக்கே நிற்கும்.

இந்த அறிக்கைகளைத் தொகுத்து வைப்பவைதான் கடன் தகவல் நிறுவனங்கள். அமெரிக்காவில் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என மூன்று. பொதுவாக ஒன்றுக்குத் தெரிவித்தால் அது மற்ற இரண்டுக்கும் சொல்லிவிடும். இருந்தாலும் மூன்றிலும் குறி விழுந்ததா என்று தனித்தனியே பார்த்துவிடுவது நல்லது. கடிதத்தில் இருக்க வேண்டியவை: முழுப்பெயர், முன்பு வேறு பெயர் இருந்தால் அதுவும், சோஷியல் செக்யூரிட்டி எண், பிறந்த தேதி, இறந்த தேதி, கடைசி முகவரி, இறப்புச் சான்றிதழ் நகல். அனுப்புபவர் கணவனோ மனைவியோ அல்லது நீதிமன்றம் நியமித்த பிரதிநிதியோ என்பதற்கான சான்றும் வேண்டும். மூன்று கோரிக்கைகளையும் ஒரே கடிதத்தில் வையுங்கள்: இறந்தவர் என்று குறியிட வேண்டும், இனிக் கடன் வழங்கக் கூடாது என்று பதிய வேண்டும், கூடவே தற்போதைய கடன் அறிக்கையின் நகல் ஒன்றும் வேண்டும். அந்த நகலில்தான் குடும்பத்துக்குத் தெரியாத கணக்குகள் வெளிப்படும். ஒப்புகையோடு கூடிய பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பிரிட்டனிலும் இதே பெயருடைய மூன்று நிறுவனங்கள்தாம் பெரியவை. இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என நான்கு. கடன் விவரங்கள் வங்கிகளிடமிருந்தே அவற்றுக்குப் போகின்றன என்பதால், அங்கே ஒவ்வொரு வங்கியையும் நிதி நிறுவனத்தையும் கடன்தாரர் இறந்த விவரத்தை இந்த நான்கு நிறுவனங்களுக்கும் தெரிவிக்கும்படி எழுத்தில் கேட்பது அவசியம்.

பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருந்தவர்களுக்கு இந்தியாவில் ஒரு நல்ல ஏற்பாடு 2024 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. முதலீட்டாளர் இறந்ததை ஒரு தரகு நிறுவனத்திடமோ ஃபண்ட் நிறுவனத்திடமோ தெரிவித்து, சான்றிதழ் சரிபார்க்கப்பட்டதும், அவருடைய கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) பதிவே நிரந்தரமாக முடக்கப்படும். அந்தத் தகவல் தொடர்புடைய மற்ற நிறுவனங்களுக்கும் போகும். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கொண்டுவந்த விதி இது.

அரசுப் பதிவுகள்

இறுதிச் சடங்கை நடத்தும் நிறுவனமே அரசுக்குத் தெரிவித்துவிடும் என்று பல நாடுகளில் நம்பிக்கை உண்டு. அமெரிக்காவில் அது பெரும்பாலும் உண்மை. சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்துக்கு அவர்கள் சொல்வார்கள். சொன்னார்களா என்று நீங்கள் ஒருமுறை கேட்டு உறுதிசெய்யுங்கள். எண்ணைத் தவறாக எழுதினால் உயிரோடு இருக்கும் யாரோ ஒருவர் பதிவேட்டில் இறந்துபோவார், உங்கள் உறவினர் உயிரோடு இருப்பார். பிரிட்டனில், வட அயர்லாந்து நீங்கலாக, டெல் அஸ் ஒன்ஸ் சேவை ஒரே முறையில் பெரும்பாலான அரசுத் துறைகளுக்குத் தெரிவித்துவிடும். ஆனால் வங்கிகளுக்கு அது சொல்லாது. அதற்கு டெத் நோட்டிஃபிகேஷன் சர்வீஸ் தனியாக இருக்கிறது.

இந்தியாவில் இறப்பைப் பதிவுசெய்தால் ஆதார் தானாகவே செயலிழந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இருந்துவிடாதீர்கள். 2025இல் மைஆதார் தளத்தில் குடும்ப உறுப்பினரின் மரணத்தைத் தெரிவிக்கும் வசதி வந்தது. தெரிவிப்பவர் தன் ஆதாரில் உள்நுழைந்து, இறந்தவரின் ஆதார் எண், இறப்புப் பதிவு எண் முதலியவற்றைத் தர வேண்டும். சரிபார்த்த பின் எண் செயலிழக்கச் செய்யப்படும். மத்திய இறப்புப் பதிவு முறையைப் பயன்படுத்தும் மாநிலங்களில் நடந்த மரணங்களுக்கே முதலில் இது திறக்கப்பட்டது. வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கப் படிவம் 7 தர வேண்டும்.

வரி எண்ணை மட்டும் அவசரப்பட்டு ஒப்படைக்காதீர்கள். இறந்த ஆண்டுக்கான கடைசி வரிக் கணக்கை அந்த எண்ணில்தான் தாக்கல் செய்ய வேண்டும், வர வேண்டிய ரீஃபண்ட்டும் அதில்தான் வரும். இந்தியாவில் வாரிசு முதலில் வருமான வரித் தளத்தில் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிவுசெய்து, கணக்கு முடிந்த பிறகே பான் அட்டையை ஒப்படைக்கும் விண்ணப்பம் தர வேண்டும். கடைசிக் கணக்கைச் சீக்கிரம் தாக்கல் செய்வதில் இன்னொரு பயனும் உண்டு. வேறு யாராவது அதே எண்ணில் முன்கூட்டியே ரீஃபண்ட் கேட்டிருந்தால், ஏற்கெனவே கணக்கு வந்துவிட்டது என்று உங்களுடையது நிராகரிக்கப்படும். வரி மோசடி பல நேரம் இப்படித்தான் தெரியவருகிறது.

கடவுச்சீட்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் ரத்துசெய்து, நினைவுக்காக வைத்துக்கொள்ள விரும்பினால் துளையிட்டுத் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள்.

இணையக் கணக்குகளும் சாதனங்களும்

சமூக ஊடகக் கணக்குகளை அப்படியே விட்டால், ஒருநாள் யாரோ உள்ளே புகுந்து நண்பர்களிடம் அவசரப் பணம் கேட்பார்கள். இறந்த செய்தி எட்டாதவர்கள் அனுப்பியும் விடுவார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் கணக்கை நினைவுப் பக்கமாக மாற்றக் கோரலாம். மாறிய பிறகு யாரும் அதில் உள்நுழைய முடியாது, பாஸ்வேர்டு தெரிந்தவரும்கூட. வேண்டிய படங்களையும் பேச்சுகளையும் சேமித்த பிறகே கோருங்கள்.

மின்னஞ்சல் இவற்றுள் கடைசி. மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றும் சாவி அதில் இருக்கிறது. கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் (Inactive Account Manager) என்ற வசதியை இறந்தவர் முன்பே அமைத்திருந்தால், அவர் தேர்ந்தெடுத்த 3 முதல் 18 மாத அமைதிக்குப் பின் நியமித்தவருக்குத் தகவல் வரும். ஆப்பிளில் தன் மறைவுக்குப் பின் கணக்கை அணுக ஒருவரை மரபுத் தொடர்பாளராக (Legacy Contact) நியமித்திருந்தால் அணுகல் சாவியும் இறப்புச் சான்றிதழும் போதும். இரண்டும் இல்லையென்றால் அந்தந்த நிறுவனத்திடம் கணக்கை மூடக் கோரலாம். உள்ளடக்கம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

போனையும் மடிக்கணினியையும் அழித்துவிட்டுக் குழந்தைகளிடம் கொடுப்பதற்கு முன் பொறுங்கள். உள்நுழைவுக் கணக்கிலிருந்து வெளியேறாமல் அழித்தால், சாதனம் பழைய உரிமையாளரின் பெயரிலேயே பூட்டிக்கொள்ளும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் அழியாமல் பழைய பொருள் கடைக்குப் போனால் அது இன்னும் மோசம்.

எல்லாம் முடிந்த பிறகு சிம்மை முறைப்படி ஒப்படையுங்கள். அமெரிக்க விதிப்படி துண்டித்த எண் குறைந்தது 45 நாள் கழித்து இன்னொருவருக்குக் கொடுக்கப்படலாம். இந்தியாவில் 90 நாள். ஒப்படைக்கும் முன்பே வங்கி, வரித் தளம், மின்னஞ்சல் மீட்பு எண் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் அது நீங்கியிருக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்களிலிருந்தும் அந்த எண்ணை நீக்கிவிடுங்கள். அதுவரை சிம்முக்கு PIN எண்ணால் பூட்டு போடுங்கள், ரீசார்ஜ் காலாவதியாக விடாதீர்கள். திடீரென்று சிக்னல் போய்விட்டால் உடனே தொலைபேசி நிறுவனத்தை அழையுங்கள். யாராவது மாற்று சிம் வாங்கியிருக்கலாம்.

குடும்பத்தையே குறிவைக்கும் அழைப்புகள்

மறைவுச் செய்தி வந்த சில வாரங்களில் தொலைபேசி அடிக்கும். உங்கள் அப்பா எங்களிடம் கடன் வாங்கியிருந்தார், ஒரே ஒரு பிரீமியம் கட்டினால் பெரிய காப்பீட்டுத் தொகை வரும், அவர் ஆர்டர் செய்த பொருள் வந்திருக்கிறது என்பார்கள். பதில் ஒன்றே: எழுத்தில் அனுப்புங்கள். அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக்கூட உறுதிப்படுத்தாதீர்கள், அவர்கள் தேடுவது அதையே. உண்மையான கடனாக இருந்தாலும் பொதுவாக அது இறந்தவரின் சொத்திலிருந்து தீர்க்கப்பட வேண்டியது, பிள்ளைகளின் சம்பளத்திலிருந்து அல்ல. கூட்டாகக் கையெழுத்திட்டவருக்கும் ஜாமீன்தாரருக்கும் இது பொருந்தாது. தம்பதியரின் கடனைக் கூட்டாகப் பார்க்கும் சட்டங்கள் உள்ள இடங்களில் வாழ்க்கைத்துணைக்கும் பொருந்தாமல் போகலாம்.

ஏற்கெனவே நடந்துவிட்டால்

கடன் அறிக்கையை மூன்று மாதம் கழித்து ஒருமுறை, ஒரு வருடம் கழித்து ஒருமுறை மறுபடி பாருங்கள். இறந்த தேதிக்குப் பின் ஒரு கணக்கு திறந்திருந்தால் அதுவே வலுவான ஆதாரம். கடன் கொடுத்த நிறுவனத்தின் மோசடிப் பிரிவுக்கு எழுதும் கடிதத்தில் இரண்டு தேதிகளையும் அருகருகே வையுங்கள்: இவர் இறந்தது இந்த நாள், கணக்கு திறக்கப்பட்டது இந்த நாள். சான்றிதழை இணைத்து, கணக்கை மூடவும், விண்ணப்பப் படிவம், அதில் தரப்பட்ட முகவரி, போன் எண் ஆகியவற்றின் நகலைத் தரவும், கடன் தகவல் நிறுவனங்களில் அந்தப் பதிவை நீக்கவும், பொறுப்பில்லை என்று எழுத்தில் தரவும் கேளுங்கள்.

தொல்லை தாங்காமல் ஒரே ஒரு தவணைகூடக் கட்டிவிடாதீர்கள். கடனை ஒப்புக்கொண்டதாக அதைக் காட்டுவார்கள். இறப்புக்கு முன்பே, அவர் மருத்துவமனையில் இருந்த நாட்களில் திறந்த கணக்கென்றால் நிரூபிப்பது சற்றுக் கடினம். மருத்துவமனை அனுமதிச் சீட்டும், விண்ணப்பத்திலுள்ள கையெழுத்தும், அது எந்தச் சாதனத்திலிருந்து போனது என்ற பதிவும் அப்போது தேவைப்படும். காவல்துறையில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள், பல நிறுவனங்கள் அது இல்லாமல் விசாரணையைத் தொடங்குவதில்லை. இந்தியாவில் இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண். பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால் அது அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் அடையாளத் திருட்டுத் தளத்தில் பதிவுசெய்து, அந்த அறிக்கையைக் கடிதத்தோடு இணைக்கலாம்.

விண்ணப்பப் படிவத்தின் நகல் கைக்கு வந்ததும் முகவரியையும் போன் எண்ணையும் முதலில் பாருங்கள். தெரிந்தவருடையதாக இருந்தால், குடும்பத்துக்குள் பேசித் தீர்ப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். மூடி மறைத்த பிறகு கடன் நிறுவனம் வாரிசுகள் அனைவர்மீதும் வழக்குத் தொடுத்தால், தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர் யார் என்ற கேள்வி அங்கே எழும்.